மினியேச்சரில் வைத்த ரத்தம் ஜாம் மாதிரித் தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது?

ஈசூன்_தூரிகை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேசை விளையாட்டுக்கு நான் சாயம் பூசும் குட்டி உருவங்களில், 28 மிமீ அளவில் ஐந்து நடைபிணங்களும், கோடரி ஏந்திய ஒரு காட்டுவீரனும் முடியும் கட்டத்தில் இருக்கின்றன. தோல், துணி, உலோகம் எல்லாம் திருப்தியாக வந்திருக்கிறது, கோடரிக்காரனின் தோளுக்கு மட்டும் மூன்று இரவு உட்கார்ந்தேன். நேற்று ராத்திரி கடைசி வேலையாக சிட்டடெல் 'பிளட் ஃபார் தி பிளட் காட்' என்ற ரத்தச் சாயக் குப்பியைத் திறந்து கோடரி முழுக்கப் பூசினேன், பிணங்களுக்கு வாய், நெஞ்சு, கை என்று வைத்தேன். காலையில் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ரொட்டியில் தடவிய ஸ்ட்ராபெரி ஜாம் போல இருக்கிறது. பளபளப்புதான் காரணமோ என்று மேட் வார்னிஷ் அடித்தேன், இப்போது சிவப்புச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்துப்போய் நிற்கிறது, ஓரிரு இடத்தில் லேசாக வெள்ளை வேறு பூத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் நண்பர் வீட்டில் விளையாட்டு. சாயத்தை முழுசாக உரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க மனம் வரவில்லை. இதை இருக்கிற நிலையிலேயே காப்பாற்ற முடியுமா?


பழைய_பிரஷ் எழுதியது:

தம்பி, உரிக்க வேண்டாம். மேட் வார்னிஷ் ஏற்கெனவே காய்ந்திருப்பதால் கீழே உள்ள வேலை பத்திரமாக இருக்கிறது, அந்தச் செத்த சிவப்பே உங்களுக்கு அடி அடுக்காக உதவும். மேலே என்ன போடுவது என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் எனக்கு நீங்கள் இரண்டு பதில் சொல்ல வேண்டும். கோடரியில் இருக்கும் ரத்தம் யாருடையது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? வந்து எவ்வளவு நேரம் ஆகிறது? இந்த இரண்டையும் யோசிக்காமல் குப்பியைத் திறந்தால் யார் வைத்தாலும் ஜாம்தான் வரும், ஏனென்றால் கை தானாகவே எல்லா இடத்திலும் ஒரே சிவப்பு, ஒரே தடிமன், ஒரே பளபளப்பு என்று பூசிக்கொண்டே போகும். உண்மையான காயத்தில் அந்த மூன்றும் அங்குலத்துக்கு அங்குலம் மாறும்.

என் வேலைமுறை இதுதான். ரைனாக்ஸ் ஹைட் பழுப்புச் சாயமும் கோர்ன் ரெட் சிவப்புச் சாயமும் சம அளவு கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மினியேச்சர் பெட்டிக்குள் வருமே அந்தப் பஞ்சு, அதில் ஒரு துண்டைப் பிய்த்து (வெட்டக் கூடாது, பிய்த்தால்தான் ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும்) காகிதத்தில் முக்கால்வாசி துடைத்துவிட்டு ஒற்ற வேண்டும். இதுதான் பழைய, காய்ந்த ரத்தம். பரப்பில் பெரும்பகுதி இந்த நிறமாகத்தான் இருக்க வேண்டும். அதன் நடுவில் பாதி இடத்துக்குக் காரபர்க் கிரிம்சன் வாஷை (பள்ளத்தில் இறங்கும் நீர்த்த சாயம்) இரண்டு தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கடைசியாக, புதிதாக வழிகிற இடம் எதுவோ அந்த ஓரிரு புள்ளியில் மட்டும் தமியா எக்ஸ்-27 கிளியர் ரெட் என்ற கண்ணாடி மாதிரிச் சிவப்பு, அதில் ஊசி முனையளவு எக்ஸ்-19 ஸ்மோக் என்ற இருண்ட சாயம் கலந்து. மொத்தச் சிவப்பில் பத்தில் ஒரு பங்கு மின்னினால் போதும்.

வரிசை ரொம்ப முக்கியம். மேட் வார்னிஷ் அடிப்பது எல்லா வேலைக்கும் கடைசி என்று பழகியிருப்போம். ரத்தம் வைக்கிற உருவத்துக்கு அது கடைசிக்கு முந்தையது. வார்னிஷ் முடிந்து காய்ந்த பிறகுதான் ஈர ரத்தம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கண்டது மாதிரி பளபளப்பு செத்துவிடும். வெள்ளை பூத்தது பற்றி யாராவது தனியாகச் சொல்லட்டும், கை வலிக்கிறது, நாளை வருகிறேன்.


பொங்கோல்_பூனை எழுதியது:

வெள்ளை பூத்தது நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தின் வேலை. இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும், மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60ஐ ஒட்டி இறங்கும். ராத்திரி பத்து மணிக்கு மழை பெய்து ஓய்ந்த காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் பூக்கத்தான் செய்யும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு, வெயில் இருக்கிற நாளில் அடியுங்கள், குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், மெல்லிசாக இரண்டு முறை. பூத்துப்போன இடத்தில் கிளாஸ் வார்னிஷை (பளபளப்பு வார்னிஷ்) பிரஷால் ஒரு கோட் கொடுங்கள், பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும், அப்புறம் அதன் மேல் பிரஷால் பூசும் மேட் வார்னிஷ். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் நான் ஸ்ப்ரேயையே விட்டுவிட்டேன், நடைபாதையில் அடித்தால் வாடை பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இருமலைக் கிளப்புகிறது, அது நியாயமில்லை. பிரைமரிலிருந்து வார்னிஷ் வரை எல்லாமே பிரஷ்தான்.

பழைய_பிரஷ் அண்ணா சொன்ன பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கை மட்டும் நான் ஏற்க மாட்டேன். விளையாட்டு மேசையில் உருவத்தை ஒரு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் காய்ந்த பழுப்பு ரத்தம் சேறு மாதிரித்தான் தெரியும். நடைபிணம் என்றால் வாயிலிருந்து வழிய வேண்டும், பார்த்தவுடன் வயிற்றைப் புரட்ட வேண்டும், நான் தாராளமாகவே வைப்பேன்.


75மிமீ எழுதியது:

நான் விளையாட்டுக்கு வரைவதில்லை, காட்சிக்குத்தான், அதனால் என் பார்வை வேறாக இருக்கலாம். மினியேச்சரில் ரத்தம் கூடக் கூட உருவம் சின்னதாகிக்கொண்டே போகும் என்பது என் அனுபவம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 28 மிமீ உருவம் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அளவு. உண்மையில் ஒரு சொட்டு ரத்தம் நான்கு ஐந்து மிமீ குறுக்களவு இருக்கும், அதை அறுபதால் வகுத்தால் ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். நீங்கள் பிரஷ் நுனியால் ஒரு மிமீ புள்ளி வைத்தால் அது அந்த வீரனின் உலகத்தில் ஆறு செமீ அகலமுள்ள திட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தின் அகலம். அப்படிப் பத்துப் புள்ளி வைத்ததும் கண் அதைச் சொட்டு என்று நம்ப மறுத்து, பொம்மையின் மேல் விழுந்த பெயின்ட் என்று சொல்லிவிடுகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது 75 மிமீ அளவில் ஒரு நவகண்ட வீரன், தன்னையே பலி கொடுப்பவன். கொற்றவை முன் மண்டியிட்டு, இடக்கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வாளைக் கழுத்தில் வைத்திருக்கிறான். இரண்டு பாகப் புட்டியில் (கலந்து பிசைந்தால் இறுகும் களிமண் மாதிரியான பொருள்) நானே செய்தது, ஏழு மாதமாகப் போகிறது. இந்தப் பாவனையை நான் மனத்தில் வாங்கியது மாமல்லபுரத்தில், திரௌபதி ரதத்தின் உள்சுவரில், பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு. நடுவில் கொற்றவை நிற்கிறாள், காலடியில் மண்டியிட்டவன் குடுமியைப் பிடித்தபடி இருக்கிறான். அந்தக் கல்லில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனாலும் நான் அங்கே நின்றபோது என் கழுத்து கூசியது. அதிலிருந்து ரத்தம் வைக்கும்போது கை தானாக அடங்கிவிடுகிறது.


பொங்கோல்_பூனை எழுதியது:

அண்ணா, அந்த உருவத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறது, படம் போடுங்கள். ஆனால் நம் மரபு முழுக்க அடக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பரணி என்ற போர்ப்பாட்டு பாடியவர்கள் களத்தில் பேய்களை உட்காரவைத்து, பிணங்களின் பல்லை அரிசியாகக் குற்றி, குருதியை உலைநீராக வைத்துக் கூழ் காய்ச்சிப் பரிமாறச் சொன்னவர்கள். அந்தக் கூழ்ப்பானையை ஒரு நாள் நான் உருவமாகச் செய்வேன், அதற்குப் பத்தில் ஒரு பங்கு போதாது!


75மிமீ எழுதியது:

அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பரணியில் ரத்தம்தான் கதையே. என் வீரனில் கதை, அவன் முகம். எதைப் பார்க்கவைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். கூழ்ப்பானை செய்யும்போது சொல்லுங்கள், பேய்களின் விலா எலும்புக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது.


இரவுப்பணி_தாதி எழுதியது:

நான் வரைகிறவள் இல்லை, என் தம்பி வரைகிறான், அவன்தான் இந்த இழையைக் காட்டினான். பதினோரு ஆண்டாகத் தாதியாக வேலை செய்கிறேன், பாதிக்கு மேல் இரவுப்பணி, ரத்தத்தை நீங்கள் எல்லாரும் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். தம்பியின் உருவங்களைப் பார்த்து நான் அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில், ரத்தத்தின் நிறம் அதன் தடிமனைப் பொறுத்தது. கையுறையில் மெல்லிசாகத் தேய்ந்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஏறக்குறைய செங்கல் நிறம். அதுவே ஒரு கிண்ணத்தில் தேங்கினால் கிட்டத்தட்ட கறுப்பு, ஓரத்தில் மட்டும்தான் சிவப்பு தெரியும். ஒரே ரத்தம்தான். அதனால் தம்பி பயன்படுத்துகிற அந்தக் கண்ணாடி போன்ற சிவப்பு ஏன் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது, தடிமனாக வைத்தால் தானே இருண்டுபோகிறது, மெல்லிசாக இழுத்தால் வெளுக்கிறது. மூடிமறைக்கிற சாதாரண சிவப்பு எங்கே வைத்தாலும் ஒரே சிவப்பு.

அப்புறம், தமனியிலிருந்து வருவது பளீர் சிவப்பு, இதயத் துடிப்போடு விட்டுவிட்டுப் பீறிடும். சிரையிலிருந்து வருவது கரும்சிவப்பு, சீராக வழியும். ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். வெளியே வந்த ரத்தம் ஐந்து பத்து நிமிடத்தில் உறையத் தொடங்கும், ஜெல்லி மாதிரி கட்டியாகும், அதைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் நீர் பிரிந்து நிற்கும், அந்த மஞ்சள் விளிம்பை யாருமே உருவத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. முழுக்கக் காய்ந்தால் பழுப்பு, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருகிற நிறம் அது.

நடைபிணம் என்கிறீர்களே, அதற்கு இதயம் ஓடவில்லை. அதன் சொந்தக் காயத்திலிருந்து ரத்தம் பீறிடாது, கறுத்து உறைந்துதான் இருக்கும். வாயிலும் கையிலும் இருப்பது வேறொருவரின் ரத்தம், அது மட்டும் புதிதாக இருக்கலாம்.


ஈசூன்_தூரிகை எழுதியது:

அக்கா, கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். என் ஐந்து பிணங்களுக்கும் நெஞ்சுக் காயத்திலும் வாயிலும் ஒரே சிவப்பை வைத்திருக்கிறேன். நெஞ்சு கறுப்பு, வாய் சிவப்பு என்று பிரித்தாலே பாதி சரியாகிவிடும் போலிருக்கிறது. ரொம்ப நன்றி.

கோடரிதான் இன்னும் புரியவில்லை. வெட்டுகிற விளிம்பு முழுக்க ரத்தம் இருக்க வேண்டும்தானே?


தேக்கா_வாசி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தேக்கா ஈரச்சந்தையில் என் மாமா ஆட்டிறைச்சிக் கடையில் வேலை செய்தவர், பள்ளி விடுமுறையில் காலை ஆறு மணிக்கே நானும் போய் நிற்பேன். போன சனிக்கிழமை இதற்காகவே மறுபடியும் போய் ஒரு கடை முன்னால் இருபது நிமிடம் நின்று பார்த்தேன், கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

வெட்டுகிற விளிம்பு சுத்தமாக இருக்கும் தம்பி. ஒவ்வொரு வெட்டிலும் இறைச்சியே அதைத் துடைத்துவிடுகிறது. விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் சிவப்பு ஆரம்பிக்கிறது, அதுவும் ஒரே பூச்சாக இல்லை, வெட்டு இறங்கிய திசையிலேயே கோடு கோடாக, கோட்டுக்கு நடுவில் இரும்பு தெரிகிறது. தடிமனாகத் தேங்குவது கத்தியும் பிடியும் சேருகிற மூலையில். அங்கே கொழுப்பும் சின்னச் சின்னச் சதைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு, மேலே ஈரமாக, அடியில் பழுப்பாக. மரக்கட்டையில் நரம்புக்குள் இறங்கியது எல்லாம் கறுப்பு. கட்டையைச் சுற்றியுள்ள வெள்ளை ஓட்டில் தண்ணீர் ஊற்றியதும் இளஞ்சிவப்பாகப் பரவி, ஓட்டு இடுக்கில் மட்டும் தங்கி, ஓட்டின் மேல் ஒன்றுமே இல்லாமல் போனது. இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் தண்ணீர் இருக்கிற இடத்தில்தான், ஈரத்தரை, பனி. சிவப்பில் வெள்ளையைக் கலந்து ஹைலைட் போட்டால் ரோஜாப்பால் நிறம் வந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

ஆகவே கோடரிக்கு: விளிம்பை உலோகமாகவே விடுங்கள். பக்கவாட்டில் விளிம்பிலிருந்து பிடியை நோக்கிக் கோடுகள். காம்பு நுழைகிற துளையைச் சுற்றித் தேக்கம். அங்கிருந்து காம்பில் ஒரே ஒரு வழிவு, அவன் கோடரியை எப்படிப் பிடித்திருக்கிறானோ அதன்படி தரையை நோக்கி.


இரவுப்பணி_தாதி எழுதியது:

மிக நல்ல கவனிப்பு. ஒரு சின்னத் திருத்தம், இறைச்சிக் கடையில் நீங்கள் பார்த்த சிவப்பு நீரில் பெரும்பகுதி ரத்தம் இல்லை. அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடும், மிச்சம் தசையில் இருக்கிற மயோகுளோபின் கலந்த நீர். அதனால் அது உறையாது, ரத்தத்தைவிட நீர்த்திருக்கும். எங்கே படிகிறது, எங்கே துடைபடுகிறது என்பதற்கு நீங்கள் சொன்னது அப்படியே பொருந்தும், நிறத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் மட்டும் அதை நம்ப வேண்டாம்.


பழைய_பிரஷ் எழுதியது:

வந்துவிட்டேன். இந்த இரண்டு பேரும் சொன்னதை அறுபது வெள்ளி கொடுத்து வகுப்புக்குப் போனாலும் கற்றுக்கொள்ள முடியாது. விளிம்பைச் சுத்தமாக விடுவதை இத்தனை ஆண்டில் நானே செய்ததில்லை, இன்று இரவு ஒரு பழைய வாளை எடுத்துத் திருத்தப்போகிறேன்.

தெளிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பல்துலக்கியை நீர்த்த சாயத்தில் நனைத்துப் பெருவிரலால் முடியை இழுத்துவிட்டால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். இன்னொரு வழி, பிரஷ் நுனியில் சாயம் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் ஓர் உறிஞ்சுகுழாயை வைத்து ஊதுவது. எனக்குக் குழாய்தான் பிடிக்கும், ஏனென்றால் எந்தப் பக்கத்திலிருந்து ஊதுகிறோமோ அந்தப் பக்கத்திலிருந்து வந்த தெளிப்பாகவே விழும். நேராக விழுந்த சொட்டு வட்டமாக இருக்கும், சாய்வாக மோதினால் நீளும், பரப்போடு 30 பாகைக் கோணத்தில் மோதினால் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். இதை அளந்து வைக்கத் தேவையில்லை. ஆனால் கோடரிக்காரனின் மார்பில் வட்டப் புள்ளிகளும், இடப்பக்கம் ஓங்கியதால் தோளில் மேல்நோக்கி நீண்ட புள்ளிகளும் இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே வெட்டு எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும். முதல் தெறிப்பைக் காகிதத்தில் விடுங்கள், பெரிய சொட்டெல்லாம் அதில் போய்விடும், இரண்டாவதுதான் உருவத்துக்கு. முகத்தை ஈரமான டிஷ்யூவால் மூடிக்கொள்ளுங்கள். கண் வரைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அதன் மேல் ஒரு புள்ளி விழுந்தால் துடைக்கத் துடைக்கக் கன்னத்துக்குப் பரவும்.

துணியில் வேறு மாதிரி. துணி ரத்தத்தை உறிஞ்சிவிடும், மின்னவே கூடாது. நடுவில் வெளிறி, ஓரத்தில் இருண்ட வளையத்தோடு வையுங்கள், காபி கொட்டிய மேசைவிரிப்பில் பார்த்திருப்பீர்களே, அதே வளையம். சிவப்புத் துணியில் ரத்தம் தெரிய வேண்டுமென்றால் நிறத்தால் முடியாது, இருட்டாலும் ஈரத்தாலும்தான் முடியும், அங்கே மட்டும் கொஞ்சம் மின்னலாம்.


செங்காங்_மேசை எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. யூஹூ பசையில் கிளியர் ரெட் கலந்து நூல் நூலாக இழுப்பது என்று எங்கோ பார்த்தேன், அதைச் செய்திருக்கிறீர்களா? எனக்கு ஒட்டடை மாதிரி வருகிறது. வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.


பொங்கோல்_பூனை எழுதியது:

இது என் பகுதி. பிளாஸ்டிக் மூடி ஒன்றில் பட்டாணி அளவு யூஹூ பசை, இரண்டு சொட்டு கிளியர் ரெட், கொஞ்சம் பழுப்பு, பல்குச்சியால் கலக்குங்கள். உடனே இழுத்தால் அறுந்துவிடும், ரொம்பக் காத்திருந்தால் நீங்கள் சொல்கிற ஒட்டடைதான். குச்சியைத் தூக்கினால் நூல் ஒரு விரல் நீளம் வந்து நடுவில் லேசாகத் தொய்கிற கட்டம் ஒன்று வரும், அதற்கு ஒரு நிமிடமோ இரண்டோதான் ஆயுள். அப்போது ஒரு முனையை மேல்தாடையில் தொட்டு, கீழ்த்தாடைக்கு இழுத்து, குச்சியை உருட்டி அறுத்துவிடுங்கள். வாய் திறந்த பிணத்துக்கு இரண்டு நூல், மூன்றாவது வேண்டாம். அந்த நூலின் நடுவில் ஒரு சின்ன முத்து மாதிரி சொட்டு தானாகத் திரளும் பாருங்கள், அதற்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். இப்போதுதான் கடித்துப் பிய்த்த இடத்துக்கு மட்டும் இது பொருந்தும், வாளில் நூல் தொங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிள்ளை தூங்கிய பிறகு, சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இந்தப் பசையிலும் தமியா சாயத்திலும் கரைப்பான் இருக்கிறது, குளிர்சாதனம் போட்டு மூடிய அறையில் வேண்டாம். பிரஷ் நுனியை நாக்கால் கூராக்கும் பழக்கம் இருந்தால் இதில் கண்டிப்பாகக் கூடாது.

குடல் வைக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாகப் புட்டியை உருட்டிக் கயிறாக்கி, ஊசியால் அங்கங்கே அழுத்தி, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு அடியுங்கள், மடிப்பில் மட்டும் கிரிம்சன் வாஷ், ஓரிரு இடத்தில் வெண்ணெய் மஞ்சள் கொழுப்பு. கடைசியில் கிளாஸ் வார்னிஷ். குடல் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கிழிந்த தோலுக்கு டிஷ்யூவின் ஒரு மடிப்பை மட்டும் பிரித்து, வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டுங்கள், காய்ந்ததும் ஓரத்தைக் கத்தி நுனியால் தூக்கிவிடலாம்.


ஈசூன்_தூரிகை எழுதியது:

வேலை ஆரம்பித்துவிட்டேன். பிணங்கள் நான்கு நன்றாக வந்திருக்கின்றன, ஐந்தாவதில் சிக்கல். கிளியர் ரெட் ஒரு கோட் போட்டு, போதவில்லை என்று அரை மணி நேரத்தில் இரண்டாவது கோட் போட்டேன், பிரஷ் பட்டதும் முதல் கோட் பிய்ந்துகொண்டு வந்து கட்டிகட்டியாகச் சுருண்டுவிட்டது. பல்லெல்லாம் மூடிப்போயிற்று.


பழைய_பிரஷ் எழுதியது:

தமியா சாயம் ஆல்கஹால் அடிப்படை, இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கரைத்துவிடும், அதுவும் நம் ஊரில் அரை மணி நேரத்தில் அது உள்ளே காய்ந்திருக்காது. ஒரே தடவையில், தடிமனாக, பிரஷால் தேய்க்காமல் சொட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கூட்ட வேண்டுமென்றால் மறுநாள். இப்போது இருப்பதை, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ் நுனியில் லேசாகத் தொட்டு, பல் மேல் மட்டும் கவனமாக எடுங்கள். அழுத்தினால் கீழே உள்ள அக்ரிலிக்கும் வந்துவிடும், தொட்டுத் தொட்டு டிஷ்யூவில் ஒற்றிக்கொண்டே போங்கள். பல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஈறோரத்தில் தங்குகிற சுருண்ட கட்டியை எடுக்க வேண்டாம், தாதி அம்மா சொன்ன உறைந்த ரத்தம் அதுதான்.


75மிமீ எழுதியது:

நேற்று என் வீரனுக்கு ரத்தம் வைத்தேன். வாள் கழுத்தைத் தொட்ட இடத்தில் முடியளவு கரும்சிவப்புக் கோடு, அதிலிருந்து ஒரே ஒரு வழிவு. அதை மூன்று தடவை மாற்றினேன். முதலில் கழுத்துக்கு நேர்கீழே இழுத்தேன், தப்பாகத் தெரிந்தது, ஏன் என்று ஒரு மணி நேரம் புரியவில்லை. அவன் மண்டியிட்டு முன்பக்கம் சாய்ந்திருக்கிறான், ரத்தம் அவன் உடம்பின் கோட்டைப் பார்க்காது, தரையைத்தான் பார்க்கும். உருவத்தை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு நூலில் ஊசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதன்படி போட்டால் வழிவு கழுத்தெலும்பின் குழியில் போய் நின்றது, அங்கே ஒரு சின்னத் தேக்கம், பிறகு மார்பணியின் மணிகளுக்கு இடையில் மறைந்துவிடுகிறது. மணிகளுக்குக் கீழே ஒன்றும் வைக்கவில்லை. தாதி அம்மா சொன்ன மஞ்சள் விளிம்பை வைக்க ஆசைதான், ஆனால் அவன் வாளை இப்போதுதான் வைத்திருக்கிறான், உறைய நேரமே ஆகவில்லை.


இரவுப்பணி_தாதி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அங்கே அது வரக் கூடாது.


ஈசூன்_தூரிகை எழுதியது:

விளையாட்டு முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். படங்கள் கீழே. கோடரியின் விளிம்பில் ஒன்றுமே இல்லை, காம்பு நுழையும் இடத்தில்தான் எல்லாம். நண்பர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இவன் இடக்கைக்காரனா என்று கேட்டார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, தோளில் தெளிப்பு விழுந்த திசையை வைத்துக் கேட்டிருக்கிறார். ஐந்தாவது பிணத்தின் ஈறில் அந்தக் கட்டி அப்படியே இருக்கிறது, ஐந்தில் அதுதான் மிக நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பொங்கோல்_பூனை, நீங்கள் சொன்னது ஒரு விஷயத்தில் சரி, மேசைத் தூரத்தில் பழுப்பு மட்டும் வைத்த இரண்டு பிணங்கள் சேறு பட்டவை போலத்தான் தெரிந்தன. அவற்றுக்கு வாயோரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் சேர்க்கப்போகிறேன். கிளியர் ரெட் தீர்ந்துவிட்டது, பிராஸ் பாசா பக்கம் நாளை போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அங்கே கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.


தேக்கா_வாசி எழுதியது:

நாளை மாலை ஆறு மணிக்கு நான் அந்தப் பக்கம்தான் தம்பி, மையும் பிரஷும் வாங்க. கிடைத்தால் இரண்டு குப்பியாக எடுத்துவிடுகிறேன், ஒன்று எனக்கு. தோளின் படத்தை இன்னும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.